எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) இந்தியாவைச் சேர்ந்த உயிர்வேதியியல் அறிஞர் ஆவார். உயிரணுக்களுக்குள் ஆற்றலைக் கொண்டு செல்லும் ஏடிபி (அடினோசின் டிரைபாஸ்பேட்) மூலக்கூறைக் கண்டறிந்தவர்களுள் இவரும் ஒருவர். போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த ஆய்வுக்கூடத்துக்கும், அதே அமிலத்தின் அமைப்பைச் சிறிது மாற்றிப் புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய சேர்மங்களை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்கும் தலைமை வகித்தார். யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின், டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பிகளில் முதலாவதான ஆரியோமைசின் ஆகியனவும் இவர் பொறுப்பில் இருந்த ஆய்வுக்கூடத்தில் உருவானவையே. சென்னையில் பயின்ற இவர், தம் ஆய்வு வாழ்க்கை முழுவதையும் அமெரிக்காவில் கழித்தார்.

இளமை

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இவ்வூர் தற்போது ஆந்திரப் பிரதேசத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் இவர் நான்காமவர். தந்தை உடல்நலக் குறைவால் பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்றமையால் குடும்பம் வறுமைக்கு உள்ளானது. சிறுவயதில் பள்ளிப்படிப்பில் நாட்டம் இன்றி இருந்த சுப்பாராவ், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என எண்ணி வீட்டை விட்டு வெளியேறினார். தாயார் அவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார்.

ராஜமுந்திரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நெருங்கிய உறவினர்களின் மரணங்கள் இவருடைய கல்வியைப் பாதித்தன. இறுதியில் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார்.

சென்னையில் கல்வி

சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பை முடித்த சுப்பாராவுக்குத் துறவு வாழ்க்கையில் ஈடுபாடு ஏற்பட்டது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. அதன் பின்னரே இவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவை நண்பர்களும், பின்னர் இவருடைய மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் ஏற்றுக்கொண்டனர். மூர்த்தியின் மகள் சேஷகிரியை இவர் மணந்தார்.

காந்தியடிகள் அந்நியப் பொருட்களைப் புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்தபோது சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்பிற்குக் கதர் உடை அணிந்து சென்றார். இது அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் அதிருப்திக்குக் காரணமாயிற்று. எழுத்துத் தேர்வுகளை நன்கு எழுதியிருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கப்படவில்லை, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர இவர் எடுத்த முயற்சியும் வெற்றி பெறவில்லை.

சகோதரர்களின் மரணம்

சுப்பாராவின் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்த நிகழ்வு மருத்துவக் கல்லூரிக் காலத்தில் நேர்ந்தது. இவருடைய சகோதரர்களான புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் பலிகொண்டது ஸ்புரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல் நோய் ஆகும். ஆயுர்வேதத்தில் கிரகணி என்று கூறப்படும் நோயுடன் இது ஒப்பிடப்படுகிறது. இந்நோயில் சிறுகுடலின் உட்சுவர் சிதைந்து, உணவிலுள்ள சத்துக்களை உறிஞ்சும் திறனை இழக்கிறது. நோயாளி வயிற்றுப்போக்கால் மெலிகிறார். இரத்தச் சோகையும் ஏற்படுகிறது. அக்காலத்தில் இதற்கு உறுதியான மருந்து எதுவும் இல்லை.

சுப்பாராவும் இதே நோய்க்கு ஆளானார். ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்துக்கொண்டார். வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவரும், 1946 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்றவருமான ருக்மிணி லட்சுமிபதி இம்மருத்துவரின் துணைவியார் ஆவார். பட்டம் பெற்ற பின்னர் சுப்பாராவ், லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார். மூலிகை மருந்துகள் எவ்வாறு குணப்படுத்துகின்றன என்பதை நவீன அறிவியல் வழியில் அறிய வேண்டும் என்ற ஆர்வம் இங்கேதான் இவருக்கு வலுப்பெற்றது.

அமெரிக்கப் பயணம்

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையின் உதவி உறுதியளிக்கப்பட்டது. மாமனாரும் பொருள் திரட்டித் தந்தார். இவற்றைக் கொண்டு சுப்பாராவ் 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி இந்தியாவிலேயே தங்கினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடும் எண்ணத்துடனேயே சுப்பாராவ் புறப்பட்டார் எனினும் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கணவனும் மனைவியும் மீண்டும் சந்திக்கவும் இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்த இவருக்குப் பேராசிரியர் ரிச்சர்டு ஸ்ட்ராங் உதவினார். இவருடைய இந்திய மருத்துவச் சான்றிதழைக் கொண்டு அமெரிக்காவில் மருத்துவம் செய்ய இயலாது. ஆகவே பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர உதவியாளராக, நோயாளிகளின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்யும் வேலையைச் செய்தவாறே படித்தார். வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்ற பின், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். அங்கு ஓட்டோ ஃபோலின் துறைத் தலைவராக இருந்தார். சைரஸ் ஃபிஸ்கே சுப்பாராவுக்கு வழிகாட்டினார்.

ஹார்வர்டில் ஆய்வுகள்

ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை

இரத்தம், சிறுநீர் போன்றவற்றில் உள்ள பாஸ்பரசின் அளவைக் காணும் எளிய முறையை இருவரும் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாஸ்பேட்டை மாலிப்டேட்டுடன் சேர்த்துப் பின் ஒடுக்கும்போது நீல நிறம் தோன்றுகிறது. நிறத்தின் அடர்த்தியை அளந்து பாஸ்பரசின் அளவைக் கணக்கிடலாம். ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை என்று அழைக்கப்படும் இது உயிர்வேதியியல் மாணவர்களுக்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது.

பாஸ்போகிரியேட்டினும் ஏடிபியும்

இம்முறையைப் பயன்படுத்தித் தசைகளை ஆராய்ந்தபோது, தசை சுருங்கும்போது சிதைந்து, ஓய்வின்போது மீண்டும் உருவாகும் ஒரு பாஸ்பரஸ் சேர்மம் 1927 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இது பாஸ்போகிரியேட்டின் ஆகும். தசைச் சுருக்கத்திற்குக் கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறுவதே நேரடிக் காரணம் என்பது அன்றைய கருத்து. தசை ஆய்வுகளுக்காக ஆர்ச்சிபால்டு ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் ஆகியோர் 1922 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். புதிய கண்டுபிடிப்பு அக்கருத்தைத் திருத்தி எழுதச் செய்தது. 1929 ஆம் ஆண்டில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் செருமனியில் கார்ல் லோமானும் தனியாக இதைக் கண்டறிந்தார்.

சுப்பாராவ் 1930 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் இவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. உடன் பயின்றவரும் 1988 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகள் உரிய காலத்தில் வெளியிடப்படாமல் போனதால் பிறர் பல ஆண்டுகள் கழித்து அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று பிற்காலத்தில் தெரிவித்தார்.

போலிக் அமிலம்

சுப்பாராவ் 1940 ஆம் ஆண்டில் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் நகரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். சகோதரர்களைப் பலிகொண்ட நோய்க்கு மருந்து காணும் வாய்ப்பு இவருக்கு இங்கேதான் அமைந்தது.

இம்மருந்தின் வரலாற்றுக்கு இந்தியாவிலும் ஒரு தொடக்கம் உண்டு. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயின் ஏழைப் பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் ஏற்பட்ட கடும் இரத்தச் சோகையை 1928 ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தார். நீலகிரி மாவட்டம் குன்னூரிலுள்ள பாஸ்டியர் நிலையத்திலும் சிறிது காலம் பணியாற்றினார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் இந்தச் சோகையைக் குணப்படுத்துகிறது என்பதை அவர் 1931 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1941 ஆம் ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசலை வகைக் கீரையிலிருந்து பெற்ற ஒரு பொருளுக்கு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

கல்லீரலிலிருந்தும் கீரையிலிருந்தும் கிடைக்கும் அளவு மிகச் சிறியது. மருந்தாக வழங்க வேண்டுமெனில் அதைச் செயற்கையாகத் தயாரிப்பது அவசியம். லெடர்லியில் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடு 1943 ஆம் ஆண்டில் இதைத் தூய படிகமாகப் பிரித்தார். 1945 ஆம் ஆண்டில் சுப்பாராவின் குழுவினர் இதைச் செயற்கையாகத் தயாரித்தனர். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டாம் ஸ்பைஸ், போலிக் அமிலம் ஸ்புரூ நோயாளிகளின் இரத்தச் சோகையைச் சீராக்குவதைக் காட்டினார். சகோதரர்கள் இறந்து ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்திற்குப் பின்னரே மருந்து கிடைத்தது.

புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுத்தல்

அமினோப்டெரின்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு லெடர்லி அனுப்பிய போலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்கு மாறாக விரைவடைவதுபோல் அவருக்குத் தோன்றியது. போலிக் அமிலம் புற்றணுக்களுக்கு உணவாக அமையுமானால், அதைத் தடுக்கும் சேர்மம் அவற்றைப் பட்டினி போடக்கூடும் என்று அவர் கருதினார். இதற்கான எதிர்ச்சேர்மங்களைச் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து பெற்றார். முதலில் அளித்த சேர்மம் வலுவற்றதாக இருந்தது. அடுத்துக் கிடைத்தது லெடர்லியின் வேதியியலாளர் டோரிஸ் சீகர் தயாரித்த அமினோப்டெரின் ஆகும்.

1947 ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரினைப் பயன்படுத்தத் தொடங்கினார். கடுமையான இரத்தப் புற்றுநோய் கொண்ட 16 குழந்தைகளில் 10 பேரின் நிலையில் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டது. இம்முடிவு 1948 ஜூன் மாதத்தில் வெளியானது. அதுவரை இந்நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தனர். அமினோப்டெரின் நோயை முற்றிலும் குணமாக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆயினும் உடலெங்கும் பரவிய ஒரு புற்றுநோயை வேதிச்சேர்மம் ஒன்றால் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது இதனால் தெளிவாயிற்று.

செயற்படும் முறை

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கான தைமிடின், பியூரின் ஆகிய கட்டுமானப் பொருட்களை உருவாக்கப் போலிக் அமிலத்தின் ஒடுக்கப்பட்ட வடிவம் தேவைப்படுகிறது. இவ்வடிவத்தை உருவாக்கித் தரும் நொதி டைஹைட்ரோபோலேட் ரிடக்டேஸ் ஆகும்.

போலிக் அமிலத்திற்கும் அமினோப்டெரினுக்கும் இடையேயான வேறுபாடு மிகச் சிறியது. போலிக் அமிலத்தின் வளையத்தில் ஓரிடத்தில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதிலாக அமினோ தொகுதி அமைந்தால் அமினோப்டெரின் கிடைக்கும். அதனுடன் மற்றோரிடத்தில் ஒரு மெத்தில் தொகுதியும் சேர்ந்தால் மெத்தோட்ரெக்சேட் ஆகும். நொதி இவற்றைப் போலிக் அமிலம் என்று கொண்டு இறுகப் பற்றிக்கொள்கிறது. பின்னர் அதனால் தன் பணியைச் செய்ய இயலுவதில்லை. கட்டுமானப் பொருள் தீர்ந்ததும் உயிரணு பிரிவது நின்றுபோகிறது. இவ்விளக்கம் 1950களின் பிற்பகுதியில்தான் தெளிவானது. சுப்பாராவ் அதை அறியும் வரை உயிருடன் இருக்கவில்லை.

இச்சேர்மங்கள் புற்றணுக்களை மட்டும் தேடித் தாக்குவதில்லை. விரைவாகப் பிரியும் எல்லா உயிரணுக்களையும் பாதிக்கின்றன. எலும்பு மச்சை, வாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்சுவர் முதலில் பாதிப்படைகின்றன. ஸ்புரூ நோய் சிதைக்கும் அதே குடற்சுவரை இம்மருந்தும் அளவு மிகும்போது சிதைக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. இதைச் சமாளிக்கப் போலினிக் அமிலம் என்னும் மற்றொரு போலேட் சேர்மம் பின்னர் மாற்றுமருந்தாகப் பயன்படுத்தப்பட்டது.

இரைப்பைப் புற்றுநோயில்

1980களிலும் 1990களிலும் முற்றிய இரைப்பைப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட்டுடன் 5-ஃபுளோரோயுராசில், டாக்சோரூபிசின் ஆகியவற்றைச் சேர்த்து அளிக்கும் கூட்டு மருத்துவம் வழக்கில் இருந்தது. பின்னர் வந்த கூட்டு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. தற்போது இரைப்பைப் புற்றுநோயில் 5-ஃபுளோரோயுராசிலுடன் போலினிக் அமிலம் அளிக்கப்படுகிறது. இங்கு இது மாற்றுமருந்து அன்று. தைமிடின் உருவாக்கத்திற்குத் தேவையான நொதியுடன் 5-ஃபுளோரோயுராசில் பிணைந்திருப்பதை இது உறுதிப்படுத்தி, அம்மருந்தின் வலிமையைக் கூட்டுகிறது. போலேட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சேர்மம் ஓரிடத்தில் உயிரணுவைக் காப்பதும் மற்றோரிடத்தில் அதை அழிக்கத் துணை நிற்பதும் இவ்வாறே.

உயிரணு வளர்ச்சியைத் தடுக்க வேறு வழிகளும் உள்ளன. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்யும்போது உருவாகும் பியூட்ரிக் அமிலம் நான்கு கரிம அணுக்களைக் கொண்ட குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலமாகும். இதன் உப்பான சோடியம் பியூட்ரேட், கட்டுமானப் பொருளைத் தடுப்பதில்லை. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் தொகுதிகளை நீக்கும் நொதிகளை இது தடுக்கிறது. ஹிஸ்டோன்களில் ஏற்படும் இம்மாற்றம் 1977 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதன் விளைவாகச் சில மரபணுக்கள் இயங்கத் தொடங்கி உயிரணுப் பிரிவு மந்தமடைகிறது. இரைப்பைப் புற்றுநோய் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துச் செய்த சோதனைகளிலும் இவ்விளைவு காணப்பட்டுள்ளது. ஆனால் பியூட்ரேட் உடலில் மிக விரைவாகச் சிதைவதால் இரைப்பைப் புற்றுநோய்க்கான மருந்தாக நிலைபெறவில்லை. கண்ணாடிக் கலத்தில் வளர்ச்சியைத் தடுப்பது ஒன்று; நோயாளியின் உடலில் தடுப்பது வேறு. அமினோப்டெரின் இரண்டாவது படியைத் தாண்டியது என்பதே அதன் வரலாற்றுச் சிறப்பு.

பிற மருந்துகள்

டைஎத்தில்கார்பமசின்: யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களுக்கு எதிரான இம்மருந்து 1947 ஆம் ஆண்டில் லெடர்லியால் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டங்களில் மக்களுக்குப் பெருமளவில் வழங்கப்பட்ட டிஇசி மாத்திரை இதுவே.

ஆரியோமைசின்: தாவரவியலாளர் பெஞ்சமின் டகர், மிசூரி மாநில மண்ணிலிருந்து பெற்ற ஒரு நுண்ணுயிரியில் இதைக் கண்டறிந்தார். 1948 ஆம் ஆண்டில் இது அறிவிக்கப்பட்டது. பென்சிலின் செயற்படாத பல கிருமிகளையும் இது தாக்கியது.

இறுதிக்காலம்

சுப்பாராவ் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாவதற்கு இருந்த தடை 1946 ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. தம் குழுவினரின் கண்டுபிடிப்புகளில் தம் பெயரை முன்னிறுத்துவதையும் இவர் தவிர்த்தார். ஃபார்பரின் 1948 ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் இவர் பெயர் இல்லை. அக்கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்ட் மாதம், பேர்ல் ரிவரில் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 53.

தாக்கம்

அமினோப்டெரினை விடக் கையாள எளிதான மெத்தோட்ரெக்சேட் 1950களில் அதன் இடத்தைப் பெற்றது. 1956 ஆம் ஆண்டில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர் நச்சுக்கொடித் திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோயை இம்மருந்தால் பின்வாங்கச் செய்தனர். கட்டியாக வளரும் புற்றுநோய் ஒன்று மருந்தால் மட்டும் குணமானதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. குறைந்த அளவில் இது முடக்குவாதம், சொரியாசிஸ் ஆகியவற்றுக்கும் அளிக்கப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மெத்தோட்ரெக்சேட் இன்றும் ஓர் அடிப்படை மருந்தாகும். உயர் வருவாய் நாடுகளில் கடும் நிணநீர்க்குழிய இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் தற்போது குணமடைகின்றனர். சுப்பாராவ் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்னர் பயின்ற முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கும், மும்பை, தில்லி மையங்களிலும் 1980கள் முதல் பின்பற்றப்பட்ட குழந்தைகளுக்கான கூட்டு மருத்துவ முறையில் மெத்தோட்ரெக்சேட் இடம்பெற்றிருந்தது. எல்.எம்.எஸ். சான்றிதழுடன் சென்னையில் வேலை கிடைக்காமல் வெளியேறியவரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து இவ்வாறு சென்னையின் குழந்தைகளையும் வந்தடைந்தது.

நினைவு

அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சைப் பேரினத்திற்கு இவர் நினைவாக சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டனர். இந்திய அஞ்சல் துறை இவரது நூற்றாண்டையொட்டி 1995 ஆம் ஆண்டில் அஞ்சல் தலை வெளியிட்டது.